யார் இந்த 'சிவப்பு' எரிக்? ஊரை விட்டு விரட்டப்பட்டவர் கிரீன்லாந்துக்குப் பெயர் வைத்த கதை

கிரீன்லாந்து. சில ஆண்டுகளாகவே செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர். அமெரிக்க அதிபர் டிரம்ப் 2019-ல் அந்தத் தீவை வாங்குவது பற்றிப் பேசினார். 2025-ல் மறுபடியும் அதே பேச்சு. ஆனா கூகுள் மேப்பைத் திறந்து பார்த்தால் தீவு முழுக்க வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. ஐந்தில் நான்கு பங்கு பனிப்பாளம். அப்புறம் எப்படி இதுக்குப் 'பசுமை நாடு'ன்னு பேர் வந்துச்சு?

அந்தப் பெயரை வைத்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். எரிக் தோர்வால்ட்ஸன். தலைமுடி சிவப்பாக இருந்ததால் 'எரிக் தி ரெட்', அதாவது சிவப்பு எரிக் என்று அழைக்கப்பட்ட வைக்கிங் காலத்து மனிதர். கொலைக்காக ஊரை விட்டு விரட்டப்பட்டு, பிறகு தீவை விட்டே விரட்டப்பட்டவர்.

இப்போது கோடைக்காலம் வந்தால் வட அட்லாண்டிக் கடலில் 'வைக்கிங்குகளின் வழியில்' என்ற பெயரில் சின்னச் சின்ன சுற்றுலாக் கப்பல்கள் கிளம்புகின்றன. ஆயிரக்கணக்கானோரை ஏற்றும் ராட்சசக் கப்பல்கள் அல்ல. நூறு, இருநூறு பேர் மட்டும் போகும் 'எக்ஸ்பெடிஷன்' கப்பல்கள். துறைமுகமே இல்லாத கடற்கரைகளில் நங்கூரம் போட்டு, காற்றடித்த ரப்பர் படகில் பயணிகளை இறக்குவார்கள். நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, கடைசியாகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. லட்சக்கணக்கில் காசு கட்டி இன்று பயணிகள் பார்க்கும் இந்தப் பாதையில் பாதிக்கு மேல் எரிக்கின் குடும்பம் துரத்தப்பட்டு ஓடிய பாதை.

இதெல்லாம் உண்மையா, கதையா?

எரிக்கைப் பற்றிப் பேசும்போது ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் காலத்தில் யாரும் அவரைப் பற்றி எழுதவும் இல்லை. நமக்குக் கிடைப்பது 'சாகா' எனப்படும் ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகள். எரிக்கின் சாகா, கிரீன்லாந்துக்காரர்களின் சாகா என்று இரண்டு. இரண்டுமே அவர் இறந்து சுமார் 200 ஆண்டுகள் கழித்து எழுத்தில் வந்தவை. பல இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்படும்.

இவற்றை விடப் பழைய சாட்சி ஒன்று உண்டு. ஆரி தோர்கில்ஸன் என்ற ஐஸ்லாந்து அறிஞர் 1122-க்கும் 1133-க்கும் இடையில் எழுதிய சின்ன வரலாற்று நூல். எரிக்கோடு கிரீன்லாந்துக்குப் போன ஒருவரிடம் ஆரியின் சித்தப்பா முறை உறவினர் நேரில் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதைத்தான் ஆரி எழுதினார். போனவர், கேட்டவர், எழுதியவர் என்று மூன்றே கைகள். ஆயிரம் ஆண்டு பழைய விஷயத்துக்கு இது ரொம்பவே நெருக்கமான சாட்சி. எரிக் என்று ஒருவர் இருந்தார், கிரீன்லாந்தில் குடியேற்றத்தைத் தொடங்கினார், அதற்குப் பெயரும் வைத்தார் என்பதை வரலாற்றாசிரியர்கள் பெரிதாகச் சந்தேகிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். சண்டை, சச்சரவு விவரங்களுக்குச் சாகாக்களையும் ஐஸ்லாந்தின் பழைய குடியேற்றப் பதிவையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அப்பா செய்த கொலை

எரிக் பிறந்தது நார்வேயின் தென்மேற்கில் உள்ள யேரன் பகுதியில், 950-ம் ஆண்டை ஒட்டி. அப்பா பெயர் தோர்வால்ட். சில கொலைகள் காரணமாக அப்பாவும் மகனும் நார்வேயை விட்டு வெளியேற வேண்டி வந்தது என்று சாகா ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. யாரைக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், எதுவும் இல்லை.

கடல் தாண்டி ஐஸ்லாந்து வந்தார்கள். ஆனா லேட்டாக வந்துவிட்டார்கள். ஐஸ்லாந்தில் நார்வேக்காரர்கள் குடியேறத் தொடங்கியது 870-களில். சுமார் 60 ஆண்டுகளில், அதாவது 930 வாக்கில், நல்ல நிலம் எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்கள். பின்னால் வந்த தோர்வால்டுக்குக் கிடைத்தது தீவின் வடமேற்கு மூலையில் உள்ள ஹார்ன்ஸ்ட்ராண்டிர். செங்குத்தான பாறை, உப்புக்காற்று, கொஞ்சமே கொஞ்சம் புல். இன்றைக்கும் அங்கே நிரந்தரமாக யாரும் வசிப்பதில்லை. கடைசிக் குடும்பங்கள் 1950-களிலேயே காலி செய்துவிட்டுப் போய்விட்டன. இப்போது அது இயற்கைக் காப்பகம். சுற்றுலாக் கப்பல்கள் பறவை பார்க்க அங்கே நிற்கின்றன.

தோர்வால்ட் அந்தக் கரையிலேயே இறந்துபோனார். நிலம் இல்லாத குடும்பத்தின் மகனாக எரிக் வளர்ந்தார். பின்னால் அவர் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் அடியில் இந்த நிலப்பசி இருப்பதைக் கவனிக்கலாம்.

மண் சரிந்தது, தலைகள் உருண்டன

கல்யாணம்தான் எரிக்கை மேலே தூக்கிவிட்டது. தியோட்ஹில்ட் என்ற வசதியான வீட்டுப் பெண்ணை மணந்தார். மாமியார் வீட்டுச் செல்வாக்கில் மேற்கு ஐஸ்லாந்தின் ஹௌகதாலுர் பள்ளத்தாக்கில் நிலம் கிடைத்தது. அங்கே ஒரு பண்ணை வீடு கட்டினார். அந்த இடத்தின் பெயர் இன்றும் எரிக்ஸ்டாதிர்தான், எரிக்கின் இடம் என்று பொருள். 1990-களின் இறுதியில் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டியபோது 10-ம் நூற்றாண்டு வீடு ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. சுமார் 50 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் 500 சதுர அடியை விடக் கொஞ்சம் கூட. நடுவில் அடுப்பு, இரண்டு பக்கமும் உட்காரவும் படுக்கவும் திண்ணை. பக்கத்திலேயே அதே அளவில் ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். புகை, இருட்டு, புல்தரைக் கூரை என்று எல்லாம் அப்படியே.

அந்த வீட்டில்தான் லெய்ஃப் பிறந்திருக்க வேண்டும் என்று நம்பப்படுகிறது. லெய்ஃப் எரிக்ஸன், பின்னால் கொலம்பஸுக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே அமெரிக்கக் கரையைத் தொட்ட அதே லெய்ஃப்.

நிம்மதி நீடிக்கவில்லை. எரிக்கின் அடிமைகள் (ஆமா, வைக்கிங்குகளிடம் அடிமைகள் இருந்தார்கள், இதைப் பல சினிமாக்கள் சௌகரியமாக மறந்துவிடும்) செய்த ஏதோ வேலையால் மண் சரிந்து, பக்கத்துப் பண்ணைக்காரர் வால்தியோஃபின் நிலத்தில் விழுந்தது. வால்தியோஃபின் உறவுக்காரர் எயோல்ஃப் என்பவர் அந்த அடிமைகளைக் கொன்றுவிட்டார். பதிலுக்கு எரிக் எயோல்ஃபைக் கொன்றார். கூடவே ஹ்ராஃப்ன் என்ற சண்டைக்காரரையும் கொன்றார். வழக்கு நடந்தது, எரிக் ஹௌகதாலுரை விட்டே விரட்டப்பட்டார்.

ஒரு ஜோடி மரப்பலகைக்காகவா?

அடுத்துப் போனது பிரெய்தாஃபியோர்ட் என்ற அகலமான விரிகுடா. எண்ண முடியாத அளவுக்குக் குட்டித்தீவுகள் சிதறிக் கிடக்கும் இடம். அதில் ஒக்ஸ்னே என்ற தீவில் எரிக் குடியேறினார்.

போகிற போக்கில், வீட்டுத் திண்ணையில் பொருத்தும் மரப்பலகைகளைத் தோர்கெஸ்ட் என்பவரிடம் கொடுத்து வைத்தார். புது வீடு கட்டி முடித்ததும் திருப்பிக் கேட்டார். தோர்கெஸ்ட் கொடுக்க மறுத்துவிட்டார்.

பலகைதானே, விட்டுத் தொலைக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனா ஐஸ்லாந்தில் வீடு கட்டத் தோதான பெரிய மரம் கிடையாது. கரை ஒதுங்கும் கட்டை, இல்லைன்னா நார்வேயிலிருந்து கப்பலில் வரும் கட்டை, இவ்வளவுதான். ஒரு வீட்டின் திண்ணைப் பலகை என்பது அந்தக் குடும்பத் தலைவனின் கௌரவம் உட்கார்ந்திருக்கும் இடமும்கூட.

எரிக் நேரே போய்ப் பலகைகளை எடுத்து வந்தார். தோர்கெஸ்ட் ஆட்களோடு துரத்தினார். நடந்த சண்டையில் தோர்கெஸ்டின் இரண்டு மகன்களும் வேறு சிலரும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் வீட்டில் ஆள்படை வைத்துக்கொண்டு காத்திருந்தன.

தண்டனை: மூன்று ஆண்டு ஊர் விலக்கு

அன்றைய ஐஸ்லாந்தில் ராஜா கிடையாது. போலீஸ் கிடையாது, சிறையும் கிடையாது. 'திங்' என்று ஒரு கூட்டம் கூடும். நம்ம கிராமத்துப் பஞ்சாயத்து மாதிரி. ஆனா எழுதப்படாத சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்து தீர்ப்புச் சொல்லும் முறையான அவை. தீர்ப்பு சொல்லும், ஆனா நிறைவேற்ற ஆள் இருக்காது. அப்போ எப்படித் தண்டனை?

குற்றவாளிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை எடுத்துவிடுவார்கள். ஊர் விலக்குக்கு ஆளானவர் நாட்டிலேயே தங்கினால் யார் வேண்டுமானாலும் அவரைக் கொல்லலாம், கொன்றவர் மேல் வழக்கு வராது. உயிரோடு இருக்க ஒரே வழி, குறித்த காலம் வரை வெளிநாட்டில் இருப்பது. சுமார் 982-ல் தோர்ஸ்னெஸ் என்ற இடத்தில் கூடிய அவை எரிக்குக்கு இந்தத் தண்டனையைத்தான் கொடுத்தது. மூன்று ஆண்டு.

தோர்கெஸ்டின் ஆட்கள் தீவு தீவாகத் தேடிக்கொண்டிருந்தபோது, நண்பர்கள் எரிக்கின் கப்பலை ஒரு மறைவான கடற்கழியில் ஒளித்து வைத்துத் தயார் செய்தார்கள். இதைத்தான் கவனிக்க வேண்டும். இத்தனை கொலைக்குப் பிறகும் அவருக்காக உயிரைப் பணயம் வைக்க நாலு பேர் இருந்தார்கள். கொலைகாரர் என்ற ஒரு சொல்லுக்குள் இந்த மனிதரை முழுசா அடைக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

எங்கே போவது? நார்வே கதவு ஏற்கெனவே அப்பா காலத்தில் மூடிவிட்டது. ஐஸ்லாந்தும் இப்போது மூடிவிட்டது. மிச்சம் இருந்தது மேற்கு. பல ஆண்டுகளுக்கு முன் குன்பியோர்ன் என்ற மாலுமி புயலில் வழிதவறி மேற்கே போனபோது ஏதோ நிலத்தைப் பார்த்ததாக ஒரு பேச்சு இருந்தது. அதைத் தேடிப் போகிறேன், கிடைத்தால் திரும்பி வருவேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூன்று ஆண்டு அவர் என்ன செய்தார்?

ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே கடல் குறுகும் இடத்தில் அகலம் 300 கிலோமீட்டருக்கும் குறைவு. தூரம் பயமில்லை. கிரீன்லாந்தின் கிழக்குக் கரைதான் பயம். வடதுருவத்திலிருந்து இறங்கி வரும் பனிக்கட்டிகள் அந்தக் கரையை ஒட்டியே மிதந்து வரும். இன்று ரேடார், செயற்கைக்கோள் படம் எல்லாம் வைத்திருக்கும் சுற்றுலாக் கப்பல்களே பனி அதிகமானால் திட்டத்தை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். எரிக்கிடம் திசைகாட்டிக் கருவிகூடக் கிடையாது. சூரியன், நட்சத்திரம், பறவைகள், நீரின் நிறம், திமிங்கிலங்கள் மேயும் இடம், இவ்வளவுதான் அவருடைய ஜிபிஎஸ்.

அவருக்கு முன்பே ஸ்னைபியோர்ன் என்பவர் இந்தக் கிழக்குக் கரையில் தங்கிப் பார்த்து, கூட வந்தவர்களோடு சண்டையாகிக் கொலையில் முடிந்திருந்தது. எரிக் அங்கே நிற்கவில்லை. கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, தீவின் தென்முனையைச் சுற்றி, மேற்குப் பக்கம் ஏறினார். அங்கேதான் காட்சி மாறியது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே போகும் ஃபியோர்டு என்ற நீண்ட கடல் கைகள். வாசலில் பனிக்காற்று, உள்ளே போகப் போக இதமான கோடை. புல்வெளி, குள்ளமான பிர்ச் மரம், வில்லோ புதர், மீன், கரிபூ மான், சீல்.

மூன்று குளிர்காலங்களை அங்கே கழித்தார். கோடையில் ஒவ்வொரு ஃபியோர்டாக நுழைந்து பார்த்தார். பார்த்த இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்தார், பல இடங்களுக்குத் தன் பெயரையே. தீவுக்கு எரிக்ஸே, ஃபியோர்டுக்கு எரிக்ஸ்ஃபியோர்ட். அடக்கம் அவரிடம் அவ்வளவாக இல்லை என்று தெரிகிறது.

ஆரியின் நூலில் இன்னொரு முக்கியமான குறிப்பு உண்டு. அங்கே மனிதர்கள் வாழ்ந்த தடங்கள், தோல் படகுகளின் துண்டுகள், கல் கருவிகள் கிடைத்தன என்கிறார். அதாவது எரிக் போனபோது தெற்கில் யாரும் இல்லை, ஆனா அவர் முதல் ஆளும் இல்லை. வட அமெரிக்காவின் ஆர்க்டிக்கிலிருந்து வந்த மக்கள் கிரீன்லாந்தில் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே காலடி வைத்துவிட்டார்கள். எரிக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அந்தப் பெயர்: ஏமாற்று வேலையா?

தண்டனைக் காலம் முடிந்ததும் எரிக் ஐஸ்லாந்து திரும்பினார். வந்த வேகத்தில் தோர்கெஸ்டோடு மறுபடி ஒரு சண்டை, அதில் எரிக் தோற்றார், பிறகு சமாதானம் ஆனது. அதற்குள் அவர் மனசு மேற்கே போய்விட்டது. புது நிலத்துக்கு 'கிரீன்லாந்து' என்று பெயர் சொல்லி ஆள் சேர்த்தார். பெயர் நன்றாக இருந்தால் மக்கள் வர விரும்புவார்கள் என்று அவர் கணக்குப் போட்டதாக ஆரியின் நூலும் சாகாவும் சொல்கின்றன.

உலகின் முதல் ரியல் எஸ்டேட் மோசடி என்று இணையத்தில் மீம்ஸ் ஓடுவது இதை வைத்துத்தான். ஆனா அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியுமா?

பக்கத்து நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐஸ்லாந்துக்கு 'பனி நாடு' என்று பெயர் வைத்தவர் ஃப்ளோகி. அவர் கோடை முழுக்க மீன் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஆடுமாடுகளுக்கு வைக்கோல் சேர்க்க மறந்துவிட்டார். குளிர்காலத்தில் கால்நடைகள் செத்துப்போயின. கடுப்பில் ஒரு மலை ஏறிப் பார்த்தபோது ஃபியோர்டு முழுக்கப் பனிக்கட்டி மிதந்தது. அதையே நாட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார். ஒருவர் கோபத்தில் வைத்த பெயர், இன்னொருவர் ஆசை காட்ட வைத்த பெயர். ரெண்டுமே ஒரு மூலையைப் பார்த்துவிட்டு முழுத் தீவுக்கும் வைத்தவைதான்.

எரிக் பார்த்த மூலை உண்மையிலேயே பச்சை. வட அட்லாண்டிக்கில் அந்தக் காலம் ஓரளவு வெப்பமான காலம். ஜூலை மாதம் அவருடைய ஃபியோர்டில் போய் நின்றால் இன்றும் முழங்கால் உயரப் புல் நிற்கும். அவர் அள்ளிவிட்ட பொய் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பச்சை எவ்வளவு மெல்லிய கீற்று, அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய பனி நிற்கிறது என்பதை வருகிறவர்களிடம் அவர் எவ்வளவு தூரம் சொன்னார் என்பதுதான் கேள்வி. அதற்கு எந்தச் சாகாவிலும் பதில் இல்லை.

நம்பி வந்தவர்கள் ஏழை விவசாயிகள் மட்டும் இல்லை. எரிக்கைப் போலவே நல்ல நிலம் கிடைக்காமல் காத்திருந்த பல குடும்பங்கள், குடும்பத் தலைவர்கள். 985 அல்லது 986 கோடையில் 25 கப்பல்கள் கிளம்பின. பெண்கள், குழந்தைகள், அடிமைகள், ஆடு, மாடு, குதிரை, வைக்கோல், விதை, வீட்டுச் சட்டகம் எல்லாம் ஏற்றிய திறந்த கப்பல்கள். மேல்தளம் மூடிய அறைகூட இருக்காது. மழை வந்தால் எல்லோரும் நனைய வேண்டியதுதான்.

போய்ச் சேர்ந்தவை 14. மீதி 11-ல் சில திரும்பிவிட்டன, மற்றவை கடலோடு போய்விட்டன. மூழ்கியவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை எங்கும் இல்லை, ஒரு பெயர்கூட இல்லை. எரிக்கின் சாதனையைச் சொல்லும் எல்லாக் கட்டுரைகளும் இந்த 11 கப்பல்களை ஒரு வரியில் தாண்டிப்போய்விடுகின்றன.

விரட்டப்பட்டவர் தலைவர் ஆனார்

எரிக்ஸ்ஃபியோர்டின் உட்புறத்தில், இருப்பதிலேயே நல்ல புல்வெளியை எரிக் தனக்கு எடுத்துக்கொண்டார். பண்ணைக்குப் பிராட்டாலித் என்று பெயர், செங்குத்தான சரிவு என்று பொருள். இன்று அந்த ஊர் கஸ்ஸியார்சுக். அங்கிருந்து அவர் புதிய சமூகத்தின் முதல் மனிதராக வாழ்ந்தார். ஐஸ்லாந்தில் இவரை விசாரித்து விரட்டியது ஒரு 'திங்'. இங்கே 'திங்' கூடியதே இவர் பண்ணை இருந்த இடத்தில்தான் என்று கருதப்படுகிறது.

குடியேற்றம் இரண்டு பகுதியாக வளர்ந்தது. தெற்கில் எரிக் இருந்த கிழக்குக் குடியிருப்பு, வடக்கே இன்றைய தலைநகர் நூக் பக்கத்தில் மேற்குக் குடியிருப்பு. உச்ச காலத்தில் மொத்தம் 2,000 முதல் 3,000 பேர் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

புல் மட்டும் இவர்களைக் காப்பாற்றவில்லை. இரும்பு, நல்ல மரம் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். அதற்கு விலையாக இவர்கள் கொடுத்தது வால்ரஸ் தந்தம். கோடையில் ஆண்கள் வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் படகில் போய் வால்ரஸ் வேட்டையாடி, தந்தத்தோடு திரும்புவார்கள். ஐரோப்பாவின் தேவாலயச் சிற்பங்களுக்கும் விளையாட்டுக் காய்களுக்கும் அந்தத் தந்தம் போனது. அருங்காட்சியகங்களில் உள்ள வால்ரஸ் எலும்புகளின் டிஎன்ஏவைச் சோதித்தபோது, 12-ம் நூற்றாண்டுக்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவுக்கு வந்த தந்தத்தில் பெரும்பகுதி கிரீன்லாந்திலிருந்து வந்தது என்று தெரியவந்தது. ஐஸ்லாந்தில் இருந்த வால்ரஸ் கூட்டமோ, மனிதர்கள் குடியேறிய சில நூற்றாண்டுகளில் அடியோடு அழிந்துபோனது. எரிக் மேற்கே போனதே தந்தம் தேடித்தானோ என்று யோசிக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்த புது மதம்

சுமார் 1000-ம் ஆண்டு. ஐஸ்லாந்து கிறிஸ்தவ மதத்துக்கு மாறுகிறது. மகன் லெய்ஃப் நார்வே போய்விட்டுப் புது மதத்தோடு கிரீன்லாந்து திரும்புகிறார் என்று எரிக்கின் சாகா சொல்கிறது. எரிக் மசியவில்லை. தோர், ஓடின் என்று பழைய தெய்வங்களைக் கும்பிட்டு வளர்ந்தவர், கடைசி வரை அப்படியே இருக்க நினைத்தார்.

மனைவி தியோட்ஹில்ட் மாறிவிட்டார். வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன தேவாலயம் கட்டிக்கொண்டார். மதம் மாறாத கணவரோடு சேர்ந்து வாழ மாட்டேன் என்றும் முடிவெடுத்துவிட்டார். இது எரிக்குக்கு ரொம்பவே கஷ்டமாக இருந்தது என்கிறது சாகா. வாளால் தீர்க்க முடியாத முதல் வழக்கு!

இதெல்லாம் பின்னால் கிறிஸ்தவர்கள் சேர்த்த கதையாக இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். 1961-ல் கஸ்ஸியார்சுக்கில் மாணவர் விடுதி கட்டப் பள்ளம் தோண்டியபோது மண்டை ஓடுகள் வெளிவந்தன. தொல்லியலாளர்கள் வந்தார்கள். புல்தரைச் சுவரால் ஆன ஒரு குட்டி தேவாலயத்தின் அடித்தளம் கிடைத்தது. உள்ளே சுமார் 2 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் நீளம். 20 பேர் நின்றாலே நெரிசல். அதைச் சுற்றிச் சுமார் 150 பேரின் எலும்புக்கூடுகள். அந்த முதல் தலைமுறைகளில் தியோட்ஹில்டும் ஒருவராக இருக்கலாம், ஆனா எந்தக் கல்லிலும் பெயர் இல்லை.

கடைசியாக ஒரு பயணம், போக முடியாத பயணம்

எரிக்கோடு குடியேறிய ஒருவரின் மகன் பியார்னி. அப்பாவைத் தேடி வரும் வழியில் மூடுபனியில் சிக்கி, இன்னும் மேற்கே காடு அடர்ந்த ஒரு கரையைப் பார்த்தார். இறங்காமலே திரும்பிவிட்டார். லெய்ஃப் அவருடைய கப்பலை வாங்கினார், ஆள் திரட்டினார், தலைமை தாங்க அப்பாவை அழைத்தார்.

எரிக்குக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். கப்பலுக்குப் போகும் வழியில் குதிரை இடறி, கீழே விழுந்து காலில் அடி. இதற்கு மேல் நிலம் தேடுவது தன் விதியில் இல்லை என்று திரும்பிவிட்டார் என்பது கிரீன்லாந்துக்காரர்களின் சாகா. எரிக்கின் சாகாவில் கதையே வேறு. அங்கே லெய்ஃபுக்குப் பதில் இன்னொரு மகன் தோர்ஸ்டைன். எரிக் கிளம்பும் முன் தங்கம், வெள்ளிப் பெட்டியை ஒளித்து வைக்கிறார், குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைகிறது. பொன்னை ஒளித்ததற்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்து மனைவியிடம் இடத்தைச் சொல்லி அனுப்புகிறார். இரண்டு கதையிலும் மாறாதது குதிரை மட்டும்தான்.

லெய்ஃப் போனார், கரையைத் தொட்டார், அதை வின்லாந்து என்றார், மரமும் திராட்சையும் ஏற்றித் திரும்பினார். இதுவும் கட்டுக்கதை என்றுதான் பல காலம் சொன்னார்கள். 1960-ல் நார்வேயைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாட், தொல்லியலாளரான அவர் மனைவி ஆனி ஸ்டைன் இருவரும் நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தை அடையாளம் கண்டார்கள். தோண்டியபோது எட்டுப் புல்தரைக் கட்டடங்கள், இரும்பு உருக்கிய அடையாளம் எல்லாம் வந்தன. 1978-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

தேதி 2021-ல் கிடைத்தது, அதுவும் சூரியன் கொடுத்த தேதி. 993-ம் ஆண்டில் விண்வெளியிலிருந்து வந்த பெரிய கதிர்வீச்சு, உலகம் முழுக்க அந்த வருஷ மர வளையங்களில் தடம் பதித்திருந்தது. சூரியப் புயல்தான் காரணம் என்று கருதப்படுகிறது. லான்ஸ் ஓ மெடோஸில் இரும்புக் கருவியால் வெட்டப்பட்ட கட்டைகளில் அந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மரப்பட்டை வரை எண்ணினார்கள். மூன்று வெவ்வேறு மரங்கள். மூன்றிலும் விடை 1021.

எரிக் அப்போது உயிரோடு இல்லை. லெய்ஃப் திரும்பி வந்த குளிர்காலத்தில் குடியிருப்பில் நோய் பரவியது. புதிதாக வந்து இறங்கிய கப்பல் கூட்டத்தில் பலர் இறந்தார்கள். அதே குளிர்காலத்தில் எரிக்கும் இறந்தார் என்று சாகா பதிவு செய்கிறது. 1000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளுக்குள் இது நடந்திருக்க வேண்டும். வாளாலும் இல்லை, கடலாலும் இல்லை. நோயில் படுத்து இறந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஊர்?

எரிக் தொடங்கிய குடியிருப்பு 400 ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. தெற்குக் கிரீன்லாந்தின் வால்சே தேவாலயத்தில் செப்டம்பர் 1408-ல் நடந்த ஒரு கல்யாணம்தான் அவர்களைப் பற்றி எழுத்தில் உள்ள கடைசிச் செய்தி. அந்தத் தேவாலயத்தின் கல் சுவர்கள் கூரையில்லாமல் இன்றும் நிற்கின்றன, சின்னக் கப்பல்கள் தவறாமல் நிற்கும் இடம் அது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. குளிர் கூடியது, வால்ரஸ் தந்தத்துக்கு மவுசு குறைந்தது, நார்வேயிலிருந்து கப்பல் வருவது நின்றது. கடைசி ஆட்கள் இறந்தார்களா, திரும்பிப் போனார்களா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அதே குளிரில் சீல் வேட்டையாடி, தோல் உடை உடுத்தி வாழ்ந்த இன்யூட் மக்கள் மட்டும் எங்கும் போகவில்லை. இன்றைய கிரீன்லாந்தின் சுமார் 57,000 பேரில் பெரும்பான்மை அவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் மொழியில் நாட்டின் பெயர் கலாலிட் நுனாட், கலாலிட் மக்களின் நிலம். எரிக் வைத்த பெயர் அவர்களுடையது இல்லை.

1924-ல் ஓட்டோ ஃபிரெடெரிக்ஸன் என்ற கிரீன்லாந்துக்காரர் எரிக்கின் பழைய பண்ணை நிலத்தில் ஆடு வளர்க்கத் தொடங்கினார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் புல்லில் மறுபடி ஆடு. ஃபியோர்டின் எதிர்க்கரையில் 1941-ல் இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்கா ஒரு விமானத் தளம் கட்டியது, நார்சார்சுவாக் என்ற அந்த ஊரின் விமான நிலையம் அப்படி வந்ததுதான். 2017-ல் இந்தப் பகுதி, குஜாட்டா என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. நார்ஸ் மக்களின் பண்ணைகளையும் இன்யூட் மக்களின் பண்ணைகளையும் சேர்த்தேதான் அந்த அங்கீகாரம்.

கஸ்ஸியார்சுக்கில் இறங்கும் கப்பல் பயணிகளை மேட்டில் நிற்கும் ஒரு வெண்கலச் சிலை வரவேற்கும். அது எரிக் இல்லை, மகன் லெய்ஃப். கீழே, தியோட்ஹில்டின் தேவாலயத்தைப் போலவே புல்தரைச் சுவரோடு கட்டிய மாதிரித் தேவாலயம் இருக்கிறது. அதைச் சுற்றி ஓட்டோ தொடங்கிய ஊரின் ஆடுகள் மேய்கின்றன. எரிக்கைப் புதைத்த இடம் மட்டும் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.